ரஃப் கிரீக்ல தண்ணி எவ்வளவு?

என் போன்ல ஒரு அலாரம் இன்னும் அழிக்காம இருக்கு. செவ்வாய்க்கிழமை, காலை 5.30. பேரு "அக்கா – 111". 111 என்பது நியூசிலாந்தோட 108, 100 எல்லாம் சேர்ந்த அவசர நம்பர். அந்த அலாரம் அடிக்கிறதுக்கு முன்னாடி அக்காகிட்ட இருந்து மெசேஜ் வரலைன்னா, நான் அங்க இருக்கிற போலீஸுக்குத் தகவல் போக வைக்கணும். போன ஏப்ரல்ல எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை இது. செமஸ்டர் பரீட்சைக்கு மூணு வாரம் இருந்தது.

அக்கா டுனெடின்ல மாஸ்டர்ஸ் படிக்கிறா. ஈஸ்டர் லீவுல ரெண்டு தோழிகளோட ஒரு ட்ரெக். அங்க ட்ரெக்குன்னு சொல்ல மாட்டாங்களாம், "ட்ராம்பிங்". போற இடம் வெல்கம் ஃப்ளாட் ஹட். தெற்குத் தீவோட மேற்குக் கரையில், கோப்லண்ட் ஆறு ஓடுற பள்ளத்தாக்குக்குள்ள 18 கிலோமீட்டர் நடந்தா வரும் ஒரு மலைக்குடில். கிளம்புறதுக்கு முன்னாடி அவ அனுப்பின மெசேஜ் இது: "சனிக்கிழமை உள்ளே, ஞாயிறு வெளியே. ஒரு நாள் எக்ஸ்ட்ரா சாப்பாடு இருக்கு. திங்கள் வரைக்கும் சத்தமே இல்லைன்னாலும் பயப்படாதே. செவ்வாய் எங்க ஊர் மதியம் 12 தாண்டினா மட்டும் 111. அதுக்கு முன்னாடி அம்மா அழுதாலும் கூப்பிடாதே." கூடவே கார் நம்பர், யார் யார் போறாங்க, எந்த ரூட், ஜாக்கெட் என்ன கலர் என்பது வரைக்கும் எழுதியிருந்தா. எங்களுக்கும் அவங்களுக்கும் நேர வித்தியாசம் ஆறரை மணி நேரம். அதனாலதான் 5.30.

முதல்ல அந்த ரூட் எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். அப்புறம்தான் ஏன் இவ்வளவு முன்னேற்பாடுன்னு புரியும்.

ஃபாக்ஸ் கிளேசியர்னு ஒரு சின்ன ஊர். அதுக்குத் தெற்கே 26 கிலோமீட்டர்ல, கரங்காருவா ஆத்துப் பாலத்துக்குப் பக்கத்துல காரை நிறுத்தணும். பாதை அங்கே ஆரம்பம். வெஸ்ட்லாண்ட் தை பௌதினி தேசியப் பூங்காவுக்குள்ள போகுது. மொத்த ஏத்தம் ஏறக்குறைய 400 மீட்டர்தான். நம்ம ஊர்ல வெள்ளியங்கிரி ஏறினவங்க கேட்டா சிரிப்பாங்க. ஆனா அங்க பலகையில கிலோமீட்டரைவிட நேரத்துக்குத்தான் மதிப்பு: 7 மணி நேரம். 18 கிலோமீட்டருக்கு 7 மணி நேரம்னா பாதை எப்படி இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம். ஈரப்பாசி பிடிச்ச பாறை, வேர், கூழாங்கல், மறுபடி வேர். மரத்துல அடிச்சிருக்கிற ஆரஞ்சு முக்கோணம்தான் வழிகாட்டி. நின்னா சாண்ட்ஃபிளைன்னு ஒரு ஈ கடிக்கும், நடந்தா கடிக்காது. அதனால யாரும் ரொம்ப நேரம் நின்னு போட்டோ எடுக்கிறதில்லையாம்.

போய்ச் சேர்ந்தா என்ன கிடைக்கும்? 31 பேர் படுக்கிற ஒரு ஹட், அதுக்குப் பக்கத்துல வெந்நீர்க் குளங்கள். பூமிக்குள்ள இருந்து 60 டிகிரிக்குப் பக்கத்துல வெளிய வர்ற தண்ணி, குளத்துல தேங்கி, உட்கார்ந்து குளிக்கிற சூட்டுக்கு வந்து நிக்கும். எரிமலை ஒண்ணும் இல்ல. அந்த மலைத்தொடரோட மேற்கு ஓரத்துல ஆல்பைன் ஃபால்ட்னு ஒரு பெரிய நிலப்பிளவு ஓடுது. அது ஆழத்துல இருக்கிற சூடான பாறையை வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்துல மேலே தள்ளிக்கிட்டே இருக்கு. நமக்குச் சில மில்லிமீட்டர் ஒண்ணுமே இல்ல, பாறைக்கு அது அவசரம். ஆற நேரம் இல்லாம சூட்டோடயே மேலே வந்துடுது. மழைத்தண்ணி விரிசல் வழியா இறங்கி, அந்தச் சூட்டை வாங்கிக்கிட்டுத் திரும்பி வருது. அந்தக் குளத்துல தலையை மட்டும் முக்கக் கூடாது. வெந்நீர்ல வாழுற ஒரு வகை அமீபா மூக்கு வழியா மூளைக்குப் போகலாம். கேரளாவுல அடிக்கடி செய்தியில வருதே, அதே வகை.

இந்தக் குளங்களை 1896-ல பதிவு செஞ்சவர் சார்லி டக்ளஸ். எடின்பரோவுல 1840-ல பிறந்து, 22 வயசுல நியூசிலாந்துக்கு வந்து, மேற்குக் கரைப் பள்ளத்தாக்குகளை ஒரு நாயோட நடந்து நடந்தே வரைபடமாக்கின ஆள். அவர்கிட்ட எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. அவருக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் தெரியாததுதான் பல தடவை தன்னைச் சாகாமக் காப்பாத்தினதா அவரே எழுதியிருக்கார். முதல்ல படிச்சப்ப ஜோக்குன்னு நினைச்சேன். ஜோக் இல்ல. 19-ம் நூற்றாண்டுல அந்த நாட்டுல ஆத்துல மூழ்கிச் சாகிறதுக்கு "நியூசிலாந்து மரணம்"னே பேர் இருந்தது. அவ்வளவு பேர் போயிருக்காங்க. அதுல நீச்சல் தெரிஞ்சவங்க இல்லாமலா இருந்திருப்பாங்க?

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்தப் பாதையில பெரிய ஓடைகளுக்கெல்லாம் தொங்கு பாலம் உண்டு. ஆனா கார் நிறுத்துற இடத்துக்கு அடுத்தே வர்ற முதல் ஓடை, ரஃப் கிரீக், சாதாரண நாள்ல நேரடியா இறங்கிக் கடக்கிறது. தண்ணி அதிகமா இருந்தா ஓடையோரமா மேலே ஏறிப் போய், அங்க இருக்கிற வெள்ளப் பாலத்துல கடந்து திரும்பணும். கூடுதலா ஒரு மணி நேரம் ஆகும். அதுக்கு அப்புறம் உள்ளே பாலமே இல்லாத சின்னச் சின்ன ஓடைகள் நிறைய. வெயில் நாள்ல ஷூ நனையாமத் தாண்டிடலாம். மழை நாள்ல அதே ஓடை ஆளைத் தூக்கும்.

மழைன்னா எப்படிப்பட்ட மழை? நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றை நிறுத்தி வால்பாறையிலயும் சின்னக்கல்லார்லயும் கொட்ட வைக்குது இல்லையா, அதே வேலையை அங்க சதர்ன் ஆல்ப்ஸ் மலை டாஸ்மன் கடல் காற்றுக்குச் செய்யுது. கடற்கரையில இருந்து 40 கிலோமீட்டருக்குள்ளேயே 3,724 மீட்டர் உயர அவோராகி நிக்குது. ஈரக்காத்துக்கு வேற வழியே இல்ல, ஏறணும், குளிரணும், கொட்டணும். அதே கரையில கொஞ்சம் வடக்கே கிராப் நதின்னு ஒரு இடத்துல மழைமானி இருக்கு. அங்க வருஷத்துக்குச் சராசரியா 10 மீட்டருக்கு மேல மழை. மில்லிமீட்டர் இல்ல, மீட்டர். 2019 மார்ச்சுல 48 மணி நேரத்துல 1,086 மி.மீ. பெய்ஞ்சது. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கச் சேர்த்தே சுமார் 1,400 தான். அந்த மழையிலதான் ஃப்ரான்ஸ் ஜோசப் ஊர்ப் பக்கம் வைஹோ ஆத்துல இருந்த நெடுஞ்சாலைப் பாலமே அடிச்சிக்கிட்டுப் போச்சு.

பள்ளத்தாக்கு செங்குத்து, மண் ஏற்கெனவே நனைஞ்சது. பெய்யுற தண்ணி ஊற இடம் இல்லாம நேரா ஓடைக்கு வந்துடும். அதனால சில மணி நேரத்துல ஏறும். நல்ல செய்தி என்னன்னா, மழை நின்னா அதே மாதிரி சில மணி நேரத்துல இறங்கவும் இறங்கும். ஆகவே அங்க ஆத்தைக் கடக்கிற டெக்னிக்ல முதல் டெக்னிக்கே உட்கார்ந்து காத்திருக்கிறதுதான்.

இந்த இடத்துல நம்ம மூணாவது செமஸ்டர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸைக் கொஞ்சம் தூசி தட்டுவோம். பரீட்சை முடிஞ்சதும் எல்லாரும் மறந்த டிராக் ஃபார்முலா: விசை என்பது அரை × அடர்த்தி × டிராக் கோஎஃபிஷியன்ட் × பரப்பு × வேகத்தின் வர்க்கம். ஒரு காலோட அகலம் 15 செ.மீ., ரெண்டு கால், தண்ணி முழங்கால் வரை அரை மீட்டர்னு வெச்சுப்போம். பரப்பு 0.15 சதுர மீட்டர். கோஎஃபிஷியன்ட் 1. தண்ணி நொடிக்கு 1 மீட்டர் வேகத்துல வந்தா விசை 75 நியூட்டன், அதாவது ஏழரை கிலோ தள்ளு. சமாளிக்கலாம். வேகம் 2 மீட்டர் ஆனா? ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு: 300 நியூட்டன், 30 கிலோ.

எதிர்ப்பக்கம் நம்மகிட்ட என்ன இருக்கு? உராய்வு மட்டும்தான். 60 கிலோ ஆள் முழங்கால் தண்ணியில நின்னா, மிதப்பு விசை ஒரு 12 கிலோவைக் குறைச்சிடும்னு வைங்க. மிச்சம் 48. வழுக்குற கல்லுல உராய்வுக் கெழு 0.4-ன்னு தாராளமாக் கொடுத்தாலும், பிடிச்சு நிக்கிற சக்தி 19 கிலோதான். 30 கிலோ தள்ளு வந்தா கதை முடிஞ்சது. இப்ப தொடை வரைக்கும், 80 செ.மீ. தண்ணின்னு போட்டுப் பாருங்க. பரப்பு கூடுது, மிதப்பும் கூடுது, ரெண்டும் நமக்கு எதிரா. பிடிமானம் 17 கிலோவுக்கு இறங்கிடும். மணிக்கு 5 கி.மீ., சாதாரண நடை வேகம், அதுல தண்ணி வந்தாலே தள்ளு 24 கிலோ. அதே நடை வேகத்துல முழங்கால் தண்ணின்னா தள்ளு 15 கிலோ. நூலிழையில நிப்போம்.

இது ரொம்பத் தோராயமான கணக்கு. கவிழ்றதைப் பத்தி, கம்பு ஊன்றுறதைப் பத்தி, முதுகுல இருக்கிற பையைப் பத்தியெல்லாம் நான் எடுத்துக்கவே இல்ல. ஆனாலும் இதைப் போட்டு முடிச்சப்ப எனக்குச் சிலிர்த்தது. ஏன்னா அங்க எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிற சோதனை என்ன தெரியுமா? ஒரு குச்சியைத் தண்ணியில போடு, அது கூடவே கரையில நடந்து பார். உன் நடையைவிடக் குச்சி வேகமாப் போனா இறங்காதே. ஃபார்முலா எதுவும் இல்லாம, பல பேர் செத்துப் பிழைச்சுக் கண்டுபிடிச்ச எல்லையும், நான் ஹாஸ்டல் கட்டில்ல உட்கார்ந்து போட்ட எல்லையும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல வந்து நிக்குது.

குச்சி தவிர வேற அறிகுறிகளும் உண்டு. தண்ணி கலங்கி இருக்கா, மரக்கிளை மிதந்து வருதா. எல்லாத்தையும்விட முக்கியம் சத்தம். அடியில கல்லுங்க உருண்டு ஒண்ணோட ஒண்ணு மோதுற குடுகுடு சத்தம் கேட்டா, அன்னைக்குக் கடக்கிறதைப் பத்திப் பேசவே வேண்டாம். தண்ணி நகர்த்தக்கூடிய கல்லோட எடை, வேகத்தோட ஆறாம் அடுக்குல கூடும்னு ஒரு பழைய விதி இருக்கு. வேகம் ரெண்டு மடங்கானா 64 மடங்கு எடையுள்ள கல் நகரும். அந்தச் சத்தம் கேட்குதுன்னா, உங்க கால் பக்கம் என்ன உருண்டு வருதுன்னு உங்களுக்குத் தெரியாது.

கடக்கலாம்னு முடிவு பண்ணினாலும் தனித்தனியா இறங்க மாட்டாங்க. ஷூவைக் கழட்ட மாட்டாங்க, பையோட நெஞ்சுப் பட்டையை மட்டும் கழட்டிடுவாங்க. ஒருத்தர் பைக்கும் முதுகுக்கும் நடுவுல இன்னொருத்தர் கையை விட்டுக் கோத்துக்கிட்டு வரிசையா நிப்பாங்க. அந்த வரிசை ஆத்தோட ஓட்டத்துக்கு இணையா இருக்கணும். பலசாலி மேல்பக்கம். அவர் தண்ணியை உடைச்சா, பின்னாடி இருக்கிறவங்களுக்கு வேகம் குறைஞ்ச தண்ணிதான் வரும். பஸ்ஸுக்குப் பின்னாடி ஒட்டிப் போற பைக் மாதிரி. நம்ம பசங்க அருவியில கை கோத்துக்கிட்டு ஓட்டத்துக்குக் குறுக்கே சுவர் மாதிரி நிப்போமே, அது நேர் தலைகீழ். நானே நின்னிருக்கேன், ரெண்டாம் வருஷம் ஐ.வி. போனப்ப. எட்டுப் பேர் பரப்பையும் மொத்தமாக் கூட்டித் தண்ணிக்குக் கொடுத்திருக்கோம். கூட வந்த சீனியர் ஒருத்தர் காலு வழுக்கி, பாறை இடுக்குல சிக்கிக்கிட்டதாலதான் நின்னார். எல்லாரும் சிரிச்சோம். அவர் மட்டும் சிரிக்கல.

பாலங்களைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா நாம எல்லாம் நாளைக்கு டிராயிங்ல கையெழுத்துப் போடப் போறவங்க. அந்தத் தொங்கு பாலங்கள்ல ஒரே நேரத்துல எத்தனை பேர் ஏறலாம்னு பலகை இருக்கும். பல பாலத்துல ஒரே ஒருத்தர்தான். அக்கா அனுப்பின போட்டோவுல ஒவ்வொருத்தரும் தனியா நடந்து போறதைப் பார்த்து, ரொம்ப ஓவரா இருக்கேன்னு தோணுச்சு. அப்புறம்தான் கேவ் கிரீக் பத்தித் தெரிஞ்சது.

1995 ஏப்ரல் 28. அதே மேற்குக் கரை, பாபரோவா தேசியப் பூங்கா. ஒரு பள்ளத்தைப் பார்க்கிறதுக்காகக் கட்டின மரத்தளம். வெளிப்புறப் பொழுதுபோக்கு பாடம் படிக்கிற மாணவர்கள், அரசாங்கப் பாதுகாப்புத் துறை அதிகாரி ஒருத்தர், மொத்தம் 18 பேர் அதுல நின்னாங்க. தளம் அப்படியே பெயர்ந்து கவிழ்ந்தது. 14 பேர் செத்துப்போனாங்க, 13 பேர் மாணவர்கள். விசாரணையில வெளிவந்தது: போல்ட் போட வேண்டிய இடத்துல ஆணி அடிச்சிருந்தாங்க. காரணம், துளை போட ஏத்த டிரில்லைக் கட்டுற இடத்துக்குக் கொண்டு போகலை. தகுதியுள்ள பொறியாளர் யாரும் அந்த டிசைனைப் பார்த்து ஒப்புதல் கொடுக்கலை. 5 பேருக்கு மேல ஏறக்கூடாதுன்னு ஒரு பலகைக்கு ஆர்டர் கொடுத்திருந்தாங்க, மாட்டவே இல்ல. அதுக்கு அப்புறம்தான் நாடு முழுக்க இருந்த பாலம், தளம், படிக்கட்டு எல்லாத்தையும் சோதிச்சாங்க. அதுக்கப்புறம் "1 நபர்" பலகையைப் பார்த்து ஓவர்னு நான் சொல்றதில்ல.

சரி, ஹட்டுக்கு வருவோம். நியூசிலாந்துல இந்த மாதிரி 950-க்கும் மேல அரசாங்க ஹட்டுகள் இருக்கு. பாதிக்கதை வேடிக்கையானது. அந்த நாட்டுல மனுஷன் வர்றதுக்கு முன்னாடி தரையில வாழுற பாலூட்டின்னு பார்த்தா வௌவால் மட்டும்தான். வெள்ளைக்காரங்க வேட்டைக்காக மான் கொண்டு வந்து விட்டாங்க. மானைத் தின்ன யாரும் இல்லாம அது பெருகி, காட்டையே மொட்டையடிக்க ஆரம்பிச்சுது. அப்புறம் மானைச் சுடுறதுக்கு அரசாங்கமே ஆள் வெச்சு, அவங்க தங்க மலைக்குள்ள ஹட் கட்டிச்சு. அந்த வேலை குறைஞ்சதும் ஹட் எல்லாம் நடக்கிறவங்களுக்கு வந்துடுச்சு. எல்லா ஹட்டும் அப்படி வந்தது இல்ல. வெல்கம் ஃப்ளாட் மாதிரி பெரியதுக்கு முன்பதிவு வேணும்.

ஒவ்வொரு ஹட்லயும் ஒரு நோட்டு இருக்கும். பேரு, எங்கேருந்து வந்தே, அடுத்து எங்கே போறே, வானிலை எப்படி. தங்காமக் கடந்து போனாலும் எழுதணும். யாராவது காணாமப் போனா, தேடுறவங்க முதல்ல புரட்டுறது அந்த நோட்டைத்தான். கடைசியா எழுதின ஹட்டுக்கும் எழுதாத ஹட்டுக்கும் நடுவுல தேடினாப் போதும்.

இப்ப ஞாயிற்றுக்கிழமை. நம்ம நேரம் மதியம் ரெண்டரை, அங்க ராத்திரி 9. மெசேஜ் இல்ல. அம்மா நாலு மணிக்கு முதல் போன். ஆறு மணிக்கு ரெண்டாவது. ராத்திரி பத்து மணிக்கு, "டேய், அந்த நம்பரை எனக்குக் குடு, நானே பேசிக்கிறேன்." அக்காகிட்ட பி.எல்.பி. இருக்கும்மா, பொத்தானை அமுக்கினா சாட்டிலைட் வழியா நேரா மீட்புப் படைக்குப் போகும், அமுக்கலைன்னா நல்லா இருக்கான்னு அர்த்தம்னு சொன்னேன். அம்மா ஒரே கேள்விதான் கேட்டாங்க: "அமுக்க முடியாத நிலைமையில இருந்தா?" நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன்கிட்ட அதுக்குப் பதில் இல்ல. அந்தக் கேள்விக்காகத்தான் செவ்வாய்க்கிழமை 5.30 இருக்குன்னு அப்ப எனக்குச் சொல்லவும் வரலை. மேற்குக் கரை மழை எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். அழைக்கணும்னு எனக்கும் கை துறுதுறுன்னு இருந்தது, பொய் சொல்லலை.

திங்கள் காலை 11.32-க்கு கிளாஸ்ல இருக்கும்போது மெசேஜ் வந்தது. "வெளிய வந்தாச்சு. அம்மாகிட்ட சொல்லு."

நடந்தது இதுதான். சொன்ன நேரத்துக்கு முன்னாடி, சனிக்கிழமை ராத்திரியே மழை பிடிச்சிடுச்சு. ஞாயிறு காலை ஹட்டுல இருந்து பத்து நிமிஷம் இறங்கி, முதல் சின்ன ஓடையைப் போய்ப் பார்த்திருக்காங்க. முந்தின நாள் ரெண்டு கல்லுல கால் வெச்சுத் தாண்டின ஓடை. காப்பி கலர்ல, அடியில கல் உருளுற சத்தத்தோட போய்க்கிட்டு இருந்ததாம். கூட வந்த ஒருத்திக்குத் திங்கள் காலையில டுனெடின்ல ஷிஃப்ட், போயே ஆகணும்னு நின்னிருக்கா. மூணு பேரும் பேசி ஹட்டுக்குத் திரும்பிட்டாங்க. அன்னைக்கு அங்கிருந்து யாருமே கிளம்பலை. எக்ஸ்ட்ரா சாப்பாடுன்னு அக்கா வெச்சிருந்தது ரவை. முன்பின் தெரியாத ரெண்டு பேர் கேரட்டும் வெங்காயமும் கொடுக்க, அந்த ஹட்டுலயே பெரிய உப்புமா. அதை அங்க யாரும் கிண்டல் பண்ணலையாம், அதை மட்டும் நம்ப முடியலை. சாயங்காலம் மழை விட்டுச்சு. திங்கள் காலை அதே ஓடை முழங்காலுக்குக் கீழே. குச்சி போட்டுப் பார்த்து, கை கோத்து, கடந்தாங்க. கடைசியில ரஃப் கிரீக் இன்னும் பலமா இருந்ததால வெள்ளப் பாலம் வழியா ஒரு மணி நேரம் சுத்தி, காருக்கு வந்தாங்க. டுனெடின் போற வழி தெற்கே. ஆனா அம்மாவுக்காக, சிக்னல் தேடி முதல்ல வடக்கே 26 கிலோமீட்டர் ஃபாக்ஸ் கிளேசியருக்கு ஓட்டிட்டுப் போய் மெசேஜ் போட்டுட்டுத்தான் திரும்பினாங்க. அந்தத் தோழிக்கு ஷிஃப்ட் போனதுதான் நஷ்டம்.

அக்கா டிசம்பர்ல மறுபடி போறா. இந்தத் தடவை அவளுக்கு வேற பள்ளத்தாக்கு, வேற ஹட், எனக்கு மறுபடி ஒரு நேரம். வெள்ளிக்கிழமை, அதிகாலை 4.30. அங்க அப்ப கோடைக்கால நேரம், அதனால ஏழரை மணி நேர வித்தியாசம். இந்த முறை லிஸ்ட்ல அம்மா நம்பரையும் சேர்த்திருக்கா. அம்மா அதைக் காலண்டர்ல சிவப்பு மையில எழுதி மாட்டியிருக்காங்க.